கோயிலுக்குப் போன கட்டில் பாட்டு

என் அத்தை கன்னியர் மடத்தில் சேர்ந்ததற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். காதல் கைகூடவில்லை என்றார்கள் சிலர். கட்டிக்கொடுக்க வக்கில்லாமல் தாத்தா தள்ளிவிட்டார் என்றார்கள் சிலர். அத்தை என்னிடம் சொன்னது வேறு.

"புரியாத பாட்டாப் பாடணும்னு தோணிச்சு. அதான் போனேன்."

எங்களுடையது கல்யாண மேளக் குடும்பம். தாத்தா மேளம் அடித்தார், அவருக்குப் பிறகு என் அப்பா. அப்பாவின் ஒரே தங்கச்சியான அத்தை, பாவாடை தடுக்கும் வயதிலிருந்தே மேளத்துக்கு முன்னால் நின்று பாடினாள். கல்யாணப் பாட்டு என்றால் எங்களுக்குக் கேலிப் பாட்டுதான். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து ஒன்று, மாமியாரைக் கிண்டல் செய்து ஒன்று. விருந்து முடிந்து, ஆண்கள் கொஞ்சம் தள்ளாடுகிற நேரத்தில் கட்டில் பாட்டு. அது இல்லாமல் கல்யாணம் முடிந்ததாகவே கணக்கில்லை.

கட்டிலுக்கு நாலு காலு
கள்ளனுக்கு ரெண்டு காலு
ஒட்டுமொத்தம் ஆறு காலு
ஒண்ணுகூட நிக்கலையே

இது ஆரம்பம்தான். மீதியை எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனால் மெட்டு அப்படிப்பட்டதில்லை. மெதுவாக ஏறி, உச்சியில் ஒரு மூச்சு நின்று, மனசில்லாமல் இறங்கிவரும். வார்த்தை தெரியாதவர் கேட்டால் யாரோ எதையோ பறிகொடுத்துவிட்டுப் பாடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

சின்ன வயதில் அத்தைக்கும் அர்த்தம் தெரியாது. தொண்டை கிழியப் பாடுவாள். ஒவ்வொரு அடிக்கும் யாராவது அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அர்த்தம் புரிந்த பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அவளால் நின்று பாட முடியவில்லை, பாடி முடித்து உட்காரவும் முடியவில்லை. உட்கார்ந்தால் வலது கால் தன்பாட்டுக்கு ஆடும். தாத்தா முழங்காலில் தட்டுவார், ஒரு நிமிஷம் நிற்கும், மறுபடி ஆடும்.

ஒரு கல்யாணம் முடிந்த மத்தியானம், வெயிலுக்கு ஒதுங்கிக் கோயிலுக்குள் போயிருக்கிறாள். உள்ளே சிஸ்டர்கள் இலத்தீன் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஒரு வார்த்தை புரியல. யாருக்கும் புரியாதுன்னா யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாதில்ல? அவங்க பாடி முடிச்சப்பறம்தான் பார்க்கறேன், என் ரெண்டு காலும் தரையில சும்மா இருக்கு."

அடுத்த வருஷம் மடத்தில் சேர்ந்துவிட்டாள். தாத்தா சாகும்வரை அவளோடு பேசவில்லை. நல்ல குரலைக் கொண்டுபோய்ச் சுவருக்குள் வைத்துவிட்டாள் என்பது அவர் வருத்தம். அப்பா மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்த்துவருவார்.

மடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் தையல் மிஷின். ஜெப நேரத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு முழுக்க அதிரும். ஜெபப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் ஆடுகிறது என்று பக்கத்து சிஸ்டர் மதரிடம் புகார் சொன்னார். மதர் கெட்டிக்காரர். அத்தையைக் கூட்டிப்போய்க் கோயில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்காரவைத்தார். காலால் மிதித்துக் காற்று அடைக்கிற பெரிய பெட்டி அது. "இனிமே மிதி, எவ்வளவு வேணும்னாலும் மிதி" என்றாராம். அத்தை விரல் பழகினாள், இலத்தீன் பழகினாள். பாட்டு வகுப்பு எடுக்கும் அளவுக்குத் தேறினாள். அந்த வருஷங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அத்தையின் முகம் கொஞ்சம் தளரும்.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிமேல் பூசை இலத்தீனில் இல்லை, அவரவர் பேசுகிற மொழியில். சுவரோடு ஒட்டியிருந்த பலிபீடத்தை இழுத்து முன்னால் போட்டார்கள். அதுவரை முதுகைக் காட்டிப் பூசை வைத்த ஃபாதர் ஜனங்களைப் பார்த்து நின்றார். முதல் ஞாயிற்றுக்கிழமை கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, ஜனங்களுக்கும் தெரியவில்லை. சிஸ்டர்களின் முக்காடு சுருங்கி நெற்றி முடி வெளியே தெரிந்தது. ஆளாளுக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இலத்தீன் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி அலமாரிக்கு மேலே ஏற்றினார்கள்.

"சாமிகிட்ட என்ன கேக்கறோம்னு இப்பத்தான் எனக்கே தெரியுது" என்று சமையல்கட்டு சிஸ்டர் சந்தோஷப்பட்டார். அத்தை புதுப் பாட்டுகளுக்கு ஆர்மோனியம் வாசித்தாள். வாசிக்காத நேரத்தில் கால் பழையபடி ஆட ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் உதவிக் குருவாக ஒரு இளம் ஃபாதர் வந்து சேர்ந்தார். பெரிய ஃபாதருக்குக் கீழே இருந்ததால் எல்லோருக்கும் அவர் சின்ன ஃபாதர். மொழியை மாற்றினால் போதாது, மெட்டையும் மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. வயலிலும் தறியிலும் கல்யாணத்திலும் ஜனங்கள் பாடுகிற மெட்டு கோயிலுக்குள் வரவேண்டும் என்றார். பாடற்குழுவுக்குப் பொறுப்பு அத்தை என்பதால் நேரே அவளிடம் வந்தார்.

"சிஸ்டர், உங்களுக்கு நாட்டுப்பாட்டு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாது ஃபாதர்."

மடத்தில் அவள் வீட்டுத் தொழிலைப் பற்றி மேளம் என்ற ஒரு வார்த்தைக்கு மேல் சொன்னதில்லை. சின்ன ஃபாதர் விடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டே போய், கடைசியில், அத்தையின் வீடு என்று தெரியாமலே, பஸ் டிப்போவுக்குப் பின்னால் மேளத்துக்குத் தோல் கட்டுகிற எங்கள் பட்டறையில் வந்து நின்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கி போட்ட மனுஷன் தோல் நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, "உங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல மெட்டு எதுங்க?" என்று கேட்டால் யாருக்குத்தான் புரியும்? அப்பா யோசித்தார், குழலை எடுத்துக் கட்டில் பாட்டை வாசித்தார். சின்ன ஃபாதர் கண்ணை மூடிக் கேட்டார், இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் பாடற்குழுப் பயிற்சியில் அவரே எழுதிய வார்த்தைகளோடு வந்து பாடிக் காட்டினார்.

ஆண்டவரே நீரே காவல்
ஏழைக்கிங்கே வேறு யாரு
வேண்டி நின்றோம் வாசல் ஓரம்
விட்டு எங்கும் போகலையே

அத்தையின் விரல் கட்டைமேலேயே நின்றுவிட்டது. "என்ன சிஸ்டர், பிடிக்கலையா?" என்று அவர் கேட்டார். "மெட்டு கொஞ்சம் கஷ்டமா இருக்கு ஃபாதர்" என்று சமாளித்தாள். மறுநாள் காலையிலேயே அனுமதி வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"ஏண்ணே, வேற மெட்டே கிடைக்கலையா உனக்கு?"

"இருக்கறதுலயே நல்லது எதுன்னு கேட்டாரு. அதைவிட நல்லது நம்மகிட்ட எது இருக்கு? நீயே சொல்லு."

"என்ன பாட்டுன்னு சொன்னியா?"

"அவரு மெட்டுதானே கேட்டாரு. வார்த்தையைக் கேக்கலையே."

அத்தைக்குக் கோபம். உட்காரச் சொன்னால் உட்காராமல் பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். சின்ன ஃபாதரிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நான்தான் ஊர் ஊராகப் பாடினேன் என்று சொல்ல வேண்டிவரும். அப்பா ஒரு தோலை நனைத்து இழுத்துக் கட்டும்வரை நடந்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாடற்குழுப் பெண்கள் மடத்துப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முதல் அடி பாடியதும் கோயிலில் ஒரு அசைவு ஓடியது. இரண்டாம் அடியில் முடிவெட்டுகிறவர் தும்முவதுபோல முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டுத் தலைகள் வரிசையாகக் குனிந்தன. தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் வழிய வழியச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஆர்மோனியத்தின் பின்னால் அத்தை பெட்டி உடைகிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் சின்ன ஃபாதர் மதரிடம் ஓடினார். "பார்த்தீங்களா மதர்? ஜனங்க அழுதுட்டாங்க. அவங்க மெட்டுன்னதும் எப்படி உருகிட்டாங்க பாருங்க."

யார் போய் அவரிடம் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் அந்தப் பாட்டு வந்தது. பூசைக்கு வராத ஆண்களெல்லாம் அதற்காகவே வந்தார்கள். வேறு எந்தப் பாட்டுக்கும் வாய் திறக்காதவர்கள் அதற்கு மட்டும் கூரை பிய்கிறமாதிரிப் பாடினார்கள்.

சிரிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? வருஷங்கள் போகப் போகச் சிரித்தவர்கள் குறைந்தார்கள். கல்யாணத்தில் கேட்பதற்கு முன்பே கோயிலில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பாடினார்கள். இறந்தவர்களின் அடக்கத்தில் பாடினார்கள். அந்த மெட்டு அப்படி அழத் தோதானது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தமாதிரி இருந்தது. அத்தைக்கு மட்டும் வாசிக்கிறபோதெல்லாம் உள்ளே ஆறு காலும் ஓடிக்கொண்டிருக்கும். ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கெட்ட நினைப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவாளாம்.

நான் பெரியவளான பிறகு நடந்தது அடுத்தது. ஒரு கல்யாணத்தில் விருந்து முடிகிற நேரம், அப்பா வழக்கம்போலக் கட்டில் பாட்டை எடுத்தார். கூடப் பாடுகிறவர் ஒரு அடி பாடியிருப்பார், பெண்ணின் தாய்மாமன் எழுந்துவந்து அப்பா கையிலிருந்த குச்சியைப் பிடித்தார்.

"எங்க அம்மாவைப் புதைக்கறப்போ பாடின பாட்டுய்யா இது. இதுல போய் அசிங்கத்தைச் சேக்கறியே, உனக்கு நல்லாருக்கா?"

"இது எங்க பாட்டுங்க. எங்கப்பா காலத்துல இருந்து..."

அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கோயில் பாட்டைத் திருடிக் கொச்சையாக்கிவிட்டான் என்று இளவட்டங்கள் கத்தினார்கள். வயதானவர்கள் சிலருக்கு உண்மை தெரியும். அவர்கள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நேரே மடத்துக்குப் போனார்.

பார்வையாளர் அறையில், பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட மேசைக்கு அந்தப்பக்கம் அத்தை வந்து உட்கார்ந்தாள். கோபம் வந்தால் மட்டும் அப்பா தங்கச்சியை மரியாதையாகக் கூப்பிடுவார்.

"சிஸ்டர், எங்க பாட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"என்னண்ணே ஆச்சு?"

நடந்ததைச் சொன்னார். "நல்லதா ஒண்ணு கேட்டாங்கன்னு குடுத்தேன். இன்னிக்கு நான் திருடன். கோயில்ல ஆயிரம் பாட்டு வெச்சிருக்கீங்க. எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

அத்தையின் கால் அடித்து மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் கிணுகிணுவென்று நகர்ந்துகொண்டிருந்ததாம். அப்பா அதைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு எழுந்துபோனார்.

அன்றைக்கே அத்தை சின்ன ஃபாதரைத் தேடிப்போனாள். தொப்பையும் வழுக்கையும் விழுந்து இப்போது அவர்தான் பெரிய ஃபாதர், ஆனாலும் எல்லோருக்கும் சின்ன ஃபாதர்தான். மெட்டு எங்கிருந்து வந்தது, அதன் வார்த்தை என்ன, தான் யார், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

"எனக்கு ரெண்டாம் வருஷமே தெரியும் சிஸ்டர். முடிவெட்டிக்கப் போனப்போ அவரு சொல்லிட்டாரு. கத்தி கழுத்துல இருக்கும்போது சொன்னதால நான் அசையக்கூட இல்ல."

"அப்பவே ஏன் ஃபாதர் நிறுத்தல?"

"நிறுத்தணும்னுதான் வந்தேன். அந்த வாரம் ஒரு அடக்கம். சின்னக் குழந்தை. பெட்டியை மூடறப்போ அந்தம்மா வேற எதுவும் வராம இதைத்தான் பாடினாங்க, தனியா. இது கட்டில் பாட்டும்மான்னு அவங்ககிட்ட போய் நான் சொல்லணுமா?"

அண்ணன் கேட்டது நியாயம், இவர் சொல்வதும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் அத்தை ஒரு வருஷம் அல்லாடினாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு வாசித்துப் பார்த்தாள். ஜனங்கள் ஆர்மோனியத்துக்குக் காத்திருக்காமல் தாங்களே தொடங்கிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அத்தைக்கு அனுமதி கிடைத்தது. துணைக்கு ஒரு சிஸ்டரையும் அனுப்பியிருந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு அப்பா வேறு யாரையும் மேளம் அடிக்க விடவில்லை. மாப்பிள்ளைக் கேலி, மாமியார்க் கேலி எல்லாம் அமர்க்களமாகப் போனது. விருந்து முடிந்தது. அப்பாவின் கை மேளத்தின்மேல் அப்படியே நின்றது. கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். எல்லோரும் கோயிலுக்குப் போகிற ஜனங்கள். கையை மாற்றி வேறு ஏதோ ஒரு அடியை அடிக்க ஆரம்பித்தார்.

நான் அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கியின் ஓரம் காற்றடித்தமாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள். நேரமாகிவிட்டது, கிளம்புகிறாள் என்று நினைத்தேன். நேரே மேளத்திடம் போனாள்.

"அடி அண்ணே, அதை."

"வேண்டாம் தங்கச்சி. அங்கியோட நிக்கற."

"நீ அடி."

அப்பா அடித்தார். அத்தை பாடினாள். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, பெண்கள் மட்டும் தங்களுக்குள் பாடிக்கொள்கிற அடிகளையும் சேர்த்து. ஒரு காலத்தில் இலத்தீனில் உருண்டு திரண்ட குரல், ஒரு எழுத்துகூட மழுங்காமல் தெளிவாக வந்து விழுந்தது. முதலில் சிலர் வாய் கோயில் வார்த்தைகளை முணுமுணுத்துப் பாதியில் நின்றது. ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மூன்றாம் அடியில் என் கணவரின் பெரியப்பா, பல்லில்லாத மனுஷன், தொடையில் தட்டிச் சிரித்துவிட்டார். பிறகு அடங்கவில்லை. சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். என் மாமியார் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதை அவர் எனக்கு மறக்கவிட்டதில்லை. கல்யாணப் பெண்ணாக எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை, தோல் கிழிகிறமாதிரி அடித்துக்கொண்டிருந்தார்.

பாடி முடித்ததும் அத்தை யாரிடமும் நின்று பேசவில்லை. என் தலையில் கை வைத்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. துணைக்கு வந்தவரைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

விஷயம் அவளுக்கு முன்பே மடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. துணைக்குப் போன சிஸ்டர், மேளச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை என்று சாதித்துவிட்டார். மதர் அத்தையைக் கூப்பிட்டார். இந்த மதர் வேறு ஆள், அத்தையைவிட வயதில் சின்னவர்.

"அந்த மாதிரி வார்த்தையெல்லாம் உங்க வாயில எப்படி வந்துச்சு சிஸ்டர்?"

"கோயில்ல நான் வாசிக்கறப்போ எல்லாம் வந்துச்சு மதர். அன்னிக்குத்தான் வெளிய விட்டேன்."

இரண்டே வாரத்தில் மாற்றல். வேறு ஊரில், நடமாட முடியாத வயதான சிஸ்டர்களைப் பார்த்துக்கொள்கிற வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே பாட்டும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போட்டாள். நான் போய்ப் பார்த்தபோது ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அண்ணன் அதைப் பாடறாரா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பாடுகிறார் என்றேன். முழுப் பொய்யும் இல்லை. சில வீடுகளில் அவர்களாகவே கேட்டுப் பாடச் சொன்னார்கள். சில வீடுகளில் வாசலிலேயே, அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். பாடுகிற இடத்திலும் பாதிப்பேருக்குச் சிரிப்பு வரும்போதே கை சிலுவை போட நெற்றிக்குப் போய்விடுகிறது என்று அப்பா சொல்லுவார். கடைசிவரை அப்படித்தான் போனது. கோயிலிலும் அந்தப் பாட்டு நிற்கவில்லை. அப்பாவின் அடக்கத்தில் அதைத்தான் பாடினார்கள். கடைசி வரிசையில் பழைய மேளக்காரர்கள் உதட்டுக்குள் வேறு எதையோ பாடிக்கொண்டிருந்தார்கள். அத்தை வரவில்லை. அன்றைக்கு அங்கே ஒரு சிஸ்டர் சாகக் கிடந்தார், விட்டுவர முடியவில்லை.

அந்த வீட்டிலும் அவளால் ஒட்ட முடியவில்லை. தானே மாற்றல் கேட்டுப் பள்ளி விடுதிக்குப் போனாள், அங்கிருந்து ஒரு மருந்தகத்துக்கு. போன இடத்தில் ஒரு இளம் ஃபாதர், பழைய இலத்தீன் பாட்டுக்குத்தான் இப்போது மதிப்பு என்று சொல்லி இளைஞர்களைச் சேர்த்திருந்தார். அத்தை இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்தாள். என்னிடம் தொலைபேசியில், "நல்லாத்தான் பாடறாங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டு எழுதி வெச்சுக்கிட்டுப் பாடறாங்க. என்னால உக்கார முடியல, வந்துட்டேன்" என்றாள்.

எதற்காக இப்படி ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"செஞ்சது தப்புன்னு யாராவது அழுத்திச் சொன்னா உக்காந்துருவேன். சரின்னு சொன்னாலும் உக்காந்துருவேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்களே."

இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன மடத்தில் இருக்கிறாள், கதவு திறந்துவிடுகிற வேலை. முட்டி தேய்ந்துவிட்டது, மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். போன வாரம் பேசினேன். என் பேரன் பேச ஆரம்பித்துவிட்டானா, முட்டிக்குத் தடவ நல்ல தைலம் எது என்றெல்லாம் கேட்டுவிட்டு, இங்கேயும் மாற்றல் கேட்டிருப்பதாகச் சொன்னாள். எந்த ஊர் என்று மேலிடத்தில் இன்னும் சொல்லவில்லையாம்.